'முன்விழிப்புக் கடமை': டியூ டிலிஜென்ஸ் என்பதற்கு ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். சரக்கு வரும் வழியில் குழந்தை உழைப்பு போன்ற தீங்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படி நிறுவனங்களுக்குச் சொல்லும் சட்டங்களில் 'டியூ டிலிஜென்ஸ்' (due diligence) என்று வருகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> 'உரிய விடாமுயற்சி' ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். விடாமுயற்சி தேர்வுக்குப் படிப்பவருக்குப் பொருந்தும். இந்தச் சட்டங்கள் நிறுவனத்திடம் கேட்பது வேறு: உன் சரக்கு எங்கிருந்து, யார் கையால் வருகிறது என்று தேடிப் பார், குழந்தை உழைப்புக்கு வாய்ப்பிருந்தால் தடு, நடந்திருந்தால் சரிசெய், செய்ததை வெளியே சொல்.

> 'தணிக்கை' எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே ஐயா?

தெரிந்த சொல்தான், ஆனால் போதாது. தணிக்கைக்குப் போகிறவர் பெரும்பாலும் நேரடியாகச் சரக்கு தரும் ஆலையோடு திரும்பிவிடுகிறார். அங்கே வயதுப் பதிவேடு சரியாகவே இருக்கும். கொக்கோவைப் பாருங்கள். சாக்லேட் நிறுவனம் ஏற்றுமதியாளரிடம் வாங்குகிறது, அவர் ஊர் ஊராகப் போகும் தரகரிடம், தரகர் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் சிறு தோட்டக்காரர்களிடம். காய் உடைக்கக் கத்தி பிடிக்கும் பையன் அந்தக் கடைசிக் கண்ணியில் இருக்கிறான். காங்கோவில் கையால் தோண்டும் கோபால்ட்டும் (பேட்டரிக்குப் போகும் உலோகம்) அப்படித்தான். வாங்குமிடத்தில் மற்ற தாதுவோடு கலந்துவிட்டால் அப்புறம் எதை எங்கே தேடுவது?

'சமூகப் பொறுப்பு' என்று வைக்கலாம் என ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்து ஆண்டறிக்கையில் படம் போட்டாலும் அது நிறைவேறிவிடும். இங்கே தேவை 'கடமை'. பிரான்ஸின் 2017 சட்டம் இதை விழிப்புக் கடமை என்கிறது. குழந்தை உழைப்புக்கென்றே நெதர்லாந்து 2019இல் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரில் இருப்பது அக்கறைக் கடமை. 2023இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டத்தின் பெயரிலும் கவனக் கடமை இருக்கிறது. மூன்றிலும் கடமை நிற்க, ஆங்கிலத்தை ஒட்டிப் போகும் நாம் மட்டும் அதைக் கைவிடுவானேன்?

ஆகவே என் பரிந்துரை 'முன்விழிப்புக் கடமை'. தீங்கு வருமுன் பார்ப்பது என்பதால் 'முன்'. முன்விழிப்பு அறிக்கை, முன்விழிப்புச் சட்டம் என்று சொற்களும் இயல்பாகப் பிறக்கின்றன.

பட்டியலில் இந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் வரவேண்டும். வேலைக்கான வயது வரம்பை 14 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கைப்படி (1999) ஆபத்தான வேலைக்கு வரம்பு 18. இன்னொன்று, குழந்தை வேலை செய்வது தெரிந்தவுடன் கொள்முதலை நிறுத்தி ஒதுங்கிக்கொள்வது கடமையை முடித்ததாகாது. வீட்டில் அந்தக் கூலி நின்றால் பிள்ளை இன்னும் மோசமான வேலைக்குப் போகக்கூடும். பள்ளிக்குத் திரும்ப வழி செய்வதும், பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுப்பதும் இதற்குள் அடங்கும்.

சரக்கு கைமாறிக் கைமாறி நிறுவனத்துக்கு வந்துசேரும் வரிசையான சப்ளை செயினுக்கு 'விநியோகச் சங்கிலி' வேண்டாம். விநியோகம் என்றால் நம்மிடமிருந்து வெளியே போவது என்றே படுகிறது. 'வழங்கல் தொடர்' சரி.

வினையாக வரும்போது 'முன்விழிப்பு மேற்கொள்' சற்று நீளம். சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், அதையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடுவோம்.