கன்னங்குறிச்சி (சேலம்) வீட்டுக் குழு: ஆடி பதினெட்டுக்கு வண்டி

வெள்ளி, ஆடி 9

மாலை 5.12
நான்: வண்டி வந்துடுச்சு!!! ஷோரூம்ல இருந்து இப்பத்தான் போன் பண்ணாங்க. அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக், நான் கேட்ட அதே சிவப்பு. பாக்கியக் கட்டிட்டா நாலஞ்சு நாள்ல நம்பர் போட்டுக் குடுத்துடுவாங்களாம் 🔥

தங்கச்சி: அண்ணாஆஆ 🥳🥳

அம்மா: நாலு நாள்லயா? ஆடியில எப்படிப்பா வண்டி எடுக்கறது? அம்மாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.

ஓசூர் சித்தப்பா: வாழ்த்துக்கள் தம்பி. எங்க ஊர்ல செஞ்ச வண்டி. இங்கிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி உன்கிட்ட வந்து சேர்ந்திருக்கு.

மாலை 5.40
அம்மாயி (குரல் பதிவு, தங்கச்சி எழுதிப் போட்டது): கண்ணு, ரெண்டு வருசமா காசு சேத்த. இன்னும் ஒரு வாரம் பொறு சாமி. பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு எடு. அன்னைக்குத் தொட்டது பெருகும். சும்மா ஆடியில எடுக்க வேண்டாம்.

நான்: ஒன்பது நாள் அம்மாயி 😭

மாமா (பட்டறை): அம்மாயி சொல்றபடியே செய்டா. ஒன்பது நாளும் சும்மா போகாது. நாளைக்குக் காலையில ஷோரூம் போய் வண்டிய நேர்ல பாரு. நம்பர் உன் பேருக்குப் பதிவாகறதுக்கு முன்னாடி பாக்கணும். பதிவாகிட்டா அது உன் வண்டி, அதுக்கப்புறம் கீறல் இருந்தாலும் நீதான் மல்லுக்கட்டணும்.

மாமா: சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பில்லுல இருக்கறதோட ஒத்துப் பாரு. டயர் ஓரத்துல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். அதப் போட்டோ எடு. ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுதுன்னும் எடு. ஃபேரிங், அதான் வண்டியச் சுத்தி மூடியிருக்கற பிளாஸ்டிக், அந்த இடுக்குல டார்ச் அடிச்சுப் பாரு.

அப்பா: இன்சூரன்ஸ் அஞ்சு வருசத்துக்கு இருக்கான்னு பார்.

மாமா: ஆமா மச்சான், மூணாம் நபர் காப்பீடு புது டூவீலருக்கு அஞ்சு வருசம் கட்டாயம். 2018 செப்டம்பர்ல இருந்து அப்படித்தான். சொந்த சேதத்துக்கு எத்தனை வருசம்னு தனியா கேக்கச் சொல்லுங்க, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு நிறையப் பேர் ஏமாந்துபோறாங்க.

சனி, ஆடி 10

காலை 11.26
நான்: [படம்] [படம்] [படம்]
ஓடோமீட்டர் 3 கிலோமீட்டர். நம்பர் ரெண்டும் ஒத்துப்போகுது. டயர் ரெண்டுமே இந்த வருசத்து டயர். இடது பக்க ஃபேரிங்ல நகக்கீறல் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, கையால தடவினேன், பிளாஸ்டிக் தாளோட மடிப்புதான்.

பெரியம்மா (ஏற்காடு): பின்னாடி சீட்டு எங்கடா? அந்த அகலத்துல ஒரு தட்டுவடை செட்டுதான் வைக்கலாம்.

நான்: இருக்கு பெரியம்மா, சின்னது 😄

மாமா: அந்தச் சீட்டுல இப்போதைக்கு யாரும் ஏற வேண்டாம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஞாயிறு, ஆடி 11

இரவு 8.50
ஓசூர் சித்தப்பா: தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 40ஐத் தாண்டாத. நாங்கல்லாம் அப்படித்தான் ஓட்டினோம்.

தங்கச்சி: என் கிளாஸ் பையன் சொல்றான், முதல் நாளே முழுசா முறுக்கணுமாம். அப்பத்தான் இன்ஜின் செட் ஆகுமாம்.

நான்: மாமா, எது சரி? யூடியூப்ல ஒரு வீடியோ பாத்தா அடுத்த வீடியோ நேர்மாறா சொல்லுது.

இரவு 9.31
மாமா: பட்டறை சாத்திட்டு வந்து நிதானமா எழுதறேன். எல்லாரும் படிங்க.

மாமா: சிலிண்டரோட உள்சுவரு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும்னு நினைப்போம். இல்ல. வேணும்னே நெசவுத்துணி மாதிரி குறுக்கும் நெடுக்குமா மெல்லிசாக் கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கோட்டுக்குள்ளதான் ஆயில் நிக்கும். பிஸ்டன்ல இருக்கற ரிங்கும் புதுசு, சுவரும் புதுசு. ரெண்டுலயும் கண்ணுக்குத் தெரியாத மேடு இருக்கு. அந்த மேடு ஒண்ணோட ஒண்ணு உரசித் தேஞ்சு, ரிங் சுவத்தோட முழுசாப் படியணும். புது இன்ஜினப் பழக்கற ரன்னிங் இன்ங்கறது அவ்வளவுதான்.

மாமா: இப்ப கேளு. ரிங்க சுவத்தோட அழுத்தறது எது? அதோட சொந்த விறைப்பு கொஞ்சம். மீதி, மேல வெடிக்கற வாயு ரிங்குக்குப் பின்னாடி இறங்கி வெளிப்பக்கம் தள்றது. நீ 40லயே உருட்டிக்கிட்டு இருந்தா அந்த அழுத்தம் பத்தாது. ரிங் படியாது, கோட்டு மேல ஆயில் காஞ்சு பளபளன்னு ஒரு பூச்சு உக்காந்துடும். அப்புறம் வாழ்நாள் முழுக்க வண்டி ஆயில் குடிக்கும்.

மாமா: அதுக்காக முழுசா முறுக்கினா? மேடெல்லாம் தேயறதுக்குப் பதிலா சூடேறிப் பிச்சுக்கும். சித்தப்பா பழகினது பழைய வண்டி, அந்தக் கால உலோகம், அந்தக் கால ஆயில். அவர் சொன்னதுல தப்பில்ல, இந்த இன்ஜினுக்கு அது ஒத்துவராது.

ஓசூர் சித்தப்பா: சரிங்க மாப்ள. எனக்கே இது புதுசா இருக்கு.

மாமா: நம்ம பட்டறைக்குப் பக்கத்துக் கொலுசுப் பட்டறை தெரியுமில்ல. புதுக் கொலுசுல ஓரமெல்லாம் முள்ளு முள்ளா இருக்கும். மெருகு போடறவரு ஒரே இடத்துல அழுத்த மாட்டாரு. திருப்புவாரு, அழுத்துவாரு, விடுவாரு, மறுபடி அழுத்துவாரு. நீயும் அப்படித்தான் ஓட்டணும். ஏத்து, இறக்கு. ஒரே வேகத்துல நிக்காத. ஆக்சிலேட்டர விடும்போது சிலிண்டருக்குள்ள இழுவை உண்டாகி, சுவத்துக்கு ஆயில் ஏறும். அதுவும் வேணும்.

நான்: ஆர்பிஎம், அதான் இன்ஜின் நிமிசத்துக்குச் சுத்தற சுத்து, எவ்வளவு வரைக்கும் போலாம் மாமா?

மாமா: அது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோட குடுக்கற மேனுவல்ல போட்டிருக்கும், அதுக்கு மேல போகாத. நான் சொல்றதுக்கும் மேனுவலுக்கும் முரண் வந்தா மேனுவல்தான்.

இரவு 10.04
மாமா: [படம்]
இதப் பாரு. 1994ல நான் எடுத்த டூ ஸ்ட்ரோக் வண்டியோட பிஸ்டன். முப்பது வருசத்துக்கு மேல இத பட்டறையில மேசை மேலயே வெச்சிருக்கேன்.

தங்கச்சி: பக்கத்துல நகத்தால கீறின மாதிரி கோடு கோடா இருக்கே?

மாமா: வண்டி வாங்கி ஆறாவது நாள். பின்னாடி கூட்டாளி ஒருத்தன உக்கார வெச்சு ஏற்காடு ஏறினேன். கியர் குறைக்கவே இல்ல, பெரிய கியர்லயே திணறத் திணற ஏத்தினேன். பதினோராவது வளைவுல பின்சக்கரம் கிறீச்சுன்னு நின்னுடுச்சு. இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. கிளட்ச அமுக்கினதால விழாம தப்பிச்சோம். அடிவாரம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தோம். உங்க தாத்தா ஒரு வார்த்தை திட்டல. அவர் வட்டிக்கு வாங்கின காசுடா அது. அதனாலதான் பின்சீட்டுல யாரும் வேண்டாம்னேன். முதல் 500 கிலோமீட்டருக்கு நீ மட்டும்தான்.

அம்மா: இது எனக்கே இத்தனை நாள் தெரியாதுடா தம்பி.

(அதுக்கப்புறம் அன்னைக்கு யாரும் எதுவும் போடல.)

ஞாயிறு, ஆடி 18

காலை 9.47
நான்: [படம்] ராஜகணபதி கோயில்ல பூஜை முடிஞ்சது. அஞ்சு வண்டி வரிசையில நின்னுச்சு, நம்மளது மூணாவது. எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் கேட்டப்ப கை நடுங்கிடுச்சு.

அம்மாயி (குரல் பதிவு): மாரியாத்தா காப்பாத்துவா சாமி. கோட்டை கோயில்ல ஆடிக் கூட்டம், அந்தப் பக்கம் வண்டியக் கொண்டு போகாத. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, பாலத்து மேல பாத்துப் போ.

மாமா: அம்மாயி சொன்னது இந்த வண்டிக்கு ரொம்பப் பொருந்தும். பக்கத்துல ஃபேரிங் முழுசா மூடியிருக்கு, பக்கவாட்டுக் காத்து பாய்மரத்துல மோதற மாதிரி மோதும். ஹேண்டில இறுக்கிப் பிடிக்காத, முட்டியால டேங்கப் பிடி.

காலை 10.35
நான்: மாமா அவசரம். அஞ்சு ரோட்டு சிக்னல்ல நின்னப்ப கருகற வாசனை வந்துச்சு. காலுக்கிட்ட அனல் காத்தும் வந்துச்சு. வண்டிய ஓரங்கட்டிட்டேன்.

மாமா: மீட்டர்ல சூடு எச்சரிக்கை எரியுதா?

நான்: இல்ல.

மாமா: அப்ப பயப்படாத. புது சைலன்சர் மேல பூசியிருக்கற எண்ணெய் எரியற வாசனை அது, ரெண்டு மூணு நாள் இருக்கும். அனல் காத்து ரேடியேட்டர் ஃபேன் ஓடினதால. இந்த இன்ஜின் பின்னாடி சாஞ்சு நிக்குது, காத்து முன்பக்கம் உள்ள போய், புகை பின்பக்கமா வெளிய வரும். சாதா வண்டிக்கு நேர் எதிர். நீ நின்னு கேட்டது நல்லது. வாசனை வந்தா எப்பவும் நின்னு பாரு.

மாமா: இன்னொண்ணு, டயர் புதுசு. மேல வழவழப்பு இருக்கும், அது தேயற வரைக்கும் வளைவுல சாய்க்காத. பிரேக் பேடும் அப்படித்தான். தூரத்துல இருந்தே மெல்லமாப் பிடிச்சுப் பழக்கு. சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்க ஏபிஎஸ் இருக்குன்னு நம்பி கடைசில அமுக்காத.

புதன், ஆடி 21

இரவு 7.58
நான்: 186 கிலோமீட்டர். இன்னைக்கு ஓமலூர் வழியா மேட்டூர் போய்ட்டு வந்தேன். போகும்போது பைபாஸ்ல 60லயே சமமா ஓட்டினேன், ஒரு ஆட்டம் இல்ல, அவ்வளவு சுகம்.

மாமா: அதத்தான் செய்யாதன்னு சொன்னேன். நாலு வழிச்சாலை ரன்னிங் இன்னுக்கு ஆகாது, அங்க உன்னையறியாம கை ஒரே இடத்துல நின்னுடும். நாளைக்கு வாழப்பாடிப் பக்கம் ஊர்வழியாப் போ. வேகத்தடை, ஆட்டுமந்தை, பஸ் ஸ்டாப், எல்லாம் உனக்கு வாத்தியார்.

நான்: சரி மாமா. தெரியாமப் பண்ணிட்டேன்.

அம்மா: மூக்கனேரிக் கரையில வண்டி வர்ற சத்தம் வீட்டுக்கே கேக்குதுப்பா. கியர் மாத்தற சத்தத்த வெச்சே நீதான்னு தெரியுது.

ஞாயிறு, ஆவணி 15

நண்பகல் 12.20
நான்: முதல் சர்வீஸ் முடிஞ்சது. மாமா கூட வந்தாரு. பழைய ஆயில ஒரு தட்டுல பிடிச்சு வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினாரு. உள்ள பொடிப் பொடியா மின்னுது! மாமா ஒரு சொட்டு எடுத்து என் விரல்ல தேச்சாரு, மணலாட்டம் இல்ல, மாவாட்டம் இருந்துச்சு.

மாமா: நெருடாம மாவா இருந்தா நல்லாத் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். கொலுசுப் பட்டறைத் தரையக் கூட்டினா வர்ற தூசு மாதிரி. அதுக்குத்தான் முதல் ஆயில மட்டும் நாள் தள்ளக் கூடாது. செயினும் தளர்ந்திருந்தது, இறுக்கியாச்சு. புதுச் செயின் முதல்ல கொஞ்சம் நீளும்.

பெரியம்மா (ஏற்காடு): அப்ப மேல வரலாமா? ஏரிப் பக்கம் பனி இறங்கிக்கிட்டே இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல எதிர்ல வர்றது தெரியல, காலையில வா.

மாமா: இப்ப போகட்டும்க்கா. இருபது வளைவும் ரெண்டாவது, மூணாவது கியர்லயே ஏறு, திணற விடாத. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, ஆனாலும் ஹாரன் அடிச்சுத் திரும்பு. இறங்கும்போது நியூட்ரல் போடவே போடாத, கியர்லயே இறக்கு. பதினோராவது வளைவுல ஒரு நிமிசம் நில்லு, எனக்காக.

நான்: நிக்கறேன் மாமா.

அம்மாயி (குரல் பதிவு): வரும்போது பெரியம்மாகிட்ட கால் கிலோ மிளகு வாங்கிட்டு வா கண்ணு.

மதியம் 1.05
அப்பா: ஷோரூம்ல குடுத்த ஹெல்மெட் என் தலைக்குப் பத்தல. 60 சைஸ் எங்க கிடைக்கும்?

தங்கச்சி: அப்பா??

அப்பா: 500 தாண்டிடுச்சில்ல. காலையில ஆறு மணிக்குக் கிளம்பலாம்.