தோக்கியோ புறநகர் விரைவு ரயில்: ஹச்சியோஜி, ஓமே வண்டிகள் பற்றிய அனுபவப் பகிர்வு

பொங்கோல் வாசி:
வேலை மாற்றலாகியோ விடுமுறைக்கோ தோக்கியோ போய், வாடகையை முன்னிட்டு நகருக்கு மேற்கே தச்சிகாவா, ஹச்சியோஜி பக்கம் தங்கப் போகிற நம்மவர்களுக்காக இந்தத் திரி. ஏறியவர்கள் கண்டதைப் பதியுங்கள். ஊர்க்கதை வேண்டாம், அடுத்தவருக்குப் பயன்படுகிற விவரம் போதும்.

முதலில் அடிப்படை. நகர மையத்தையும் இந்தப் புறநகர்களையும் இணைக்கும் ச்சூவோ பாதையில் ஹச்சியோஜி, ஓமே என்று இரண்டு விரைவு வண்டிகள் உண்டு. வார நாள்களில் மட்டும்தான். காலையில் நகரை நோக்கி, மாலையில் நகரிலிருந்து. நம் சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து நகர மையத்துக்கு நேராகப் போகும் சிட்டி டைரெக்ட் பேருந்தின் நோக்கம்தான் இதற்கும். 2019 மார்ச் வரை இவை ச்சூவோ லைனர், ஓமே லைனர் என்ற பெயரில் 510 யென் இருக்கைச் சீட்டோடு ஓடின. அந்த மாதம் பெயர், வண்டி, கட்டணம் மூன்றும் மாறின. 50 கிலோமீட்டர் வரை 750 யென் ஆனது. அக்டோபரில் விற்பனை வரி உயர்ந்ததும் 760.

நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான். இங்கே வாசலில் அட்டையைத் தட்டினால் வேலை முடிந்தது. அங்கே சுயிக்கா என்ற பயண அட்டையைத் தட்டினால் பயணக் கட்டணம் மட்டும்தான் கழியும். விரைவு வண்டியில் உட்கார அதற்கு மேல் விரைவுச் சீட்டு ஒன்று வேண்டும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஹச்சியோஜி வண்டியும் சாதாரண வண்டியும் ஒரே நுழைவாயிலுக்குள், சில நிலையங்களில் ஒரே நடைமேடையில் வருவதால், தெரியாமல் ஏறுவது மிக எளிது. ஏறிவிட்டால் நடத்துநரிடம் வண்டிக்குள்ளேயே வாங்கலாம், ஆனால் 760 யென் சீட்டு 1020 ஆகிவிடும்.

தேக்கா வாசகி:
சீட்டு இல்லாமல் உட்கார்ந்தால் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது அண்ணே? எல்லார் சீட்டையும் பார்ப்பார்களா?

ஈசூன் ரயில்காரர்:
பார்ப்பதில்லை அக்கா. தலைக்கு மேலே உள்ள விளக்கு சொல்லிவிடும். ஓடுவது இ353 வகை வண்டி. எல்லா இருக்கையும் முன்பதிவு முறை. ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே, சாமான் தட்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு. பச்சை எரிந்தால் அந்த இருக்கை விற்றாகிவிட்டது. சிவப்பு என்றால் காலி. மஞ்சள் என்றால் இப்போது காலி, கொஞ்ச நேரத்தில் உரியவர் வந்துவிடுவார். பச்சைக்குக் கீழே ஆள் இருந்தால் நடத்துநர் நிற்காமல் போய்விடுவார். சிவப்புக்கோ மஞ்சளுக்கோ கீழே ஆள் இருந்தால் அங்கே நின்று கேட்பார்.

நிறத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் வழக்கமான பிழை. பச்சை என்றால் 'உட்காரலாம்' என்று நம் மனம் சொல்லும். இங்கே பச்சை வேறொருவருடையது. இருக்கை எண் குறிக்காத விரைவுச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள், அது வைத்திருப்பவர் சிவப்பு விளக்கின் கீழ்தான் உட்கார வேண்டும்.

மாலையில் தோக்கியோ நிலையத்தில் அப்படி ஏறினால் நடப்பது இதுதான். ஏறும்போது பாதி விளக்குகள் சிவப்பாக இருக்கும். ஷின்ஜுகுவுக்குக் கால் மணி நேரம். அதற்குள் தலைக்கு மேல் சிவப்பு அணைந்து மஞ்சள் எரியும். ஷின்ஜுகுவில் கதவு திறந்ததும் கையில் சீட்டோடு ஒருவர் வரிசை எண்ணைப் பார்த்தபடி வந்து பக்கத்தில் நிற்பார். வாய் திறந்து கேட்கமாட்டார், சற்றே தலை குனிவார். எழுந்து வேறு சிவப்பு தேட வேண்டியதுதான். அன்று வண்டி நிறைந்திருந்தால் தச்சிகாவா வரை நிற்க வேண்டும், கொடுத்த கட்டணம் திரும்பாது.

அதனால் என் கருத்து: எண் குறிக்காத சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். அதன் விலையும் எண் குறித்த சீட்டின் விலையும் ஒன்றுதான். எந்த வண்டி என்று தெரியாத நாளில் வாங்கி வைத்திருந்தாலும், ஏறும் முன் நிலையத்தில் உள்ள முன்பதிவு இயந்திரத்தில் கூடுதல் கட்டணமில்லாமல் இருக்கை எண் போட்டுக்கொள்ளலாம். இயந்திரத்தில் ஆங்கிலத் திரை உண்டு. வரிசைக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. ஏ, டி சன்னல் ஓரம். மின்செருகி எல்லா இருக்கைக்கும் இருக்கிறது, அதற்காகச் சன்னல் தேட வேண்டாம். 9ஆம் பெட்டி கிரீன் கார், அதாவது உயர்வகுப்புப் பெட்டி, அதற்குக் கட்டணம் வேறு.

மார்சிலிங் தம்பி:
வேகம் எப்படி? கூடுதலாகக் கொடுக்கிற காசுக்கு எவ்வளவு நேரம் மிச்சம்?

ஈசூன் ரயில்காரர்:
தம்பி, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் ஏமாறுகிற இடம் இது. இ353 மணிக்கு 130 கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டி. ஆனால் நெரிசல் நேரத்தில் அந்த வேகம் காணவே கிடைக்காது. காரணம் தண்டவாளம். ஒச்சானொமிசுவிலிருந்து மித்தாக்கா வரை நான்கு தடங்கள். இரண்டில் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிகள், இரண்டில் விரைவானவை. மித்தாக்காவைத் தாண்டினால் போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். மித்தாக்கா முதல் தச்சிகாவா வரை பாதையை மேலே தூக்கிக் கட்டி 2010இல் முடித்தார்கள். அதனால் சாலைக் கடவைகள் போயின, தடம் கூடவில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி போகிற இரட்டைத் தடத்தில், முன்னால் போகும் சாதாரண வண்டி ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி வழிவிட்டால்தான் பின்னால் வருவது முந்த முடியும். மற்ற நேரமெல்லாம் அதன் வாலைப் பிடித்தபடி ஊர்ந்துதான் வரும். ஷின்ஜுகுவுக்கும் ஹச்சியோஜிக்கும் இடையே 37.1 கிலோமீட்டர்தான். சிறப்பு விரைவு என்று கூடுதல் கட்டணம் இல்லாமல் ஓடும் வண்டியோடு ஒப்பிட்டால் மிச்சமாவது கொஞ்ச நிமிடங்களே. காலை நெரிசலில் முகத்துக்கு முன்னால் இன்னொருவர் முதுகு இல்லாமல், மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்து வரலாம். அதற்குத்தான் அந்தக் காசு.

நிற்கும் இடங்களையும் குறித்துக்கொள். ஹச்சியோஜி வண்டி தோக்கியோ, ஷின்ஜுகு, தச்சிகாவா, ஹச்சியோஜியில் நிற்கும். நக்கானோ, கிச்சிஜோஜி, கொக்குபுன்ஜி போகிறவர்களுக்கு இது உதவாது. ஓமே வண்டி தச்சிகாவாவில் பிரிந்து ஹைஜிமா, கபே வழியாக ஓமே போகும். ஒக்குத்தாமா மலைக்குப் போக ஓமேயில் இறங்கி வேறு சிறு வண்டிக்கு மாற வேண்டும்.

பொங்கோல் வாசி:
50 கிலோமீட்டர் எல்லையைக் கவனியுங்கள், மாதக் கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம். தோக்கியோவிலிருந்து ஹச்சியோஜி 47.4 கிலோமீட்டர், 760 யென்னுக்குள் அடங்கும். தோக்கியோவிலிருந்து ஓமே 56 கிலோமீட்டர், எல்லையைத் தாண்டிவிடுவதால் 1020. அதே ஓமேக்கு ஷின்ஜுகுவில் ஏறினால் 45.7 கிலோமீட்டர், மீண்டும் 760. ஷின்ஜுகு வரை சாதாரண வண்டியில் வந்து ஏறினால் ஒரு நடைக்கு 260 யென் மிச்சம்.

தெற்கே ஒடாவாரா பக்கம் ஓடும் ஷோனான் விரைவு வண்டியிலும் இதே விளக்கு, இதே எல்லை. அது 2021 மார்ச்சில் லைனரிலிருந்து மாறியது. தோக்கியோ முதல் புஜிசாவா வரை 51.1 கிலோமீட்டர். ஒரே ஒரு கிலோமீட்டரால் மேல்கட்டணம் விழுகிறது. ஷினகாவாவில் ஏறினால் 44.3 தான்.

எக்கிநெட் என்ற ஜப்பானிய மொழித் தளத்தில் பதிந்தால் காகிதம் இல்லாத சீட்டு, 100 யென் குறைவு. வேலை முடிய நேரமானால் வண்டி புறப்படும் முன் கைப்பேசியிலேயே அடுத்த வண்டிக்கு எத்தனை முறையும் மாற்றலாம். காகிதச் சீட்டை ஒருமுறைதான் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

தேக்கா வாசகி:
சாதாரண வண்டியிலேயே கிரீன் கார் வந்துவிட்டதே, அது போதாதா?

மார்சிலிங் தம்பி:
இரண்டும் வேறு அக்கா. ச்சூவோ சாதாரண வண்டிகளில் 4, 5 ஆம் பெட்டிகள் மாடிப் பெட்டிகள். 2024 அக்டோபரிலிருந்து கட்டணமில்லாமல் ஓட்டிப் பார்த்து, 2025 மார்ச் 15 முதல் காசு வாங்குகிறார்கள். சுயிக்காவில் வாங்கினால் 50 கிலோமீட்டர் வரை 750 யென், காகிதச் சீட்டு 1010. சுயிக்காவில் வாங்கியிருந்தால் இருக்கைக்கு மேலே உள்ள பலகையில் அட்டையைத் தொட வேண்டும், சிவப்பு பச்சையாகும். இங்கே பச்சை 'கட்டணம் செலுத்தியாயிற்று' என்று பொருள். எழுந்து வேறு இருக்கைக்குப் போனால் அங்கேயும் தொட மறக்கக்கூடாது.

நாள் முழுக்க ஓடும், ஹச்சியோஜி வண்டி நிற்காத நிலையங்கள் பலவற்றிலும் நிற்கும், அது இதன் பலம். இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை, அது பலவீனம். சீட்டு வாங்கி ஏறி நின்றுகொண்டே வர நேரலாம். ஹச்சியோஜி வண்டிக்கும் இதற்கும் 10 யென்தான் வித்தியாசம் என்பதால், காலை நெரிசலுக்கு விரைவு வண்டி, மதியத்துக்கு கிரீன் கார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹச்சியோஜியிலிருந்து கெய்யோ என்ற வேறொரு ரயில் நிறுவனத்தின் பாதையும் உண்டு. நிலையம் ஐந்து நிமிட நடை. அவர்களுடைய கெய்யோ லைனர் 2018 பிப்ரவரியில் தொடங்கியது, இருக்கைக் கட்டணம் 410 யென். பகலில் நம் எம்ஆர்டி போலப் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் இருக்கைகள், லைனராக ஓடும்போது முன்னோக்கித் திருப்பப்படும். கழிப்பறை மட்டும் கிடையாது. சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் இதை யோசித்து முடிவெடுங்கள். இ353இல் கழிப்பறை இருக்கிறது.

ஈசூன் ரயில்காரர்:
பாதை முடங்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரைவு வண்டி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்துச் சேர்ந்தால் விரைவுக் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. பயணக் கட்டணம் இதில் சேராது.

கெய்யோவுக்கு இலவசமாக மாற்றி விடுகிறோம் என்று அறிவிப்பார்கள். கேட்டதும் எல்லாரும் அங்கே ஓடுவார்கள். அந்தச் சலுகை மாதாந்திரச் சீட்டும் காகிதச் சீட்டும் வைத்திருப்பவர்களுக்குத்தான். சுயிக்காவில் உள்ள பணத்தில் பயணம் செய்கிறவருக்குக் கிடையாது, அவர் தட்டினால் கெய்யோ கட்டணம் தனியாகக் கழியும். அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் மாதாந்திரச் சீட்டு எடுத்துக்கொள்வதற்கு இதுவே போதுமான காரணம். வேலையிடத்தில் காட்டத் தாமதச் சான்று நிலைய வாசலிலேயே தருவார்கள், வாங்கி வையுங்கள்.

தேக்கா வாசகி:
சனி, ஞாயிறில் தங்குமிடத்துக்குத் திரும்ப என்ன வழி? சுற்றுலா பாஸ் செல்லுமா?

பொங்கோல் வாசி:
அந்த நாள்களில் ச்சூவோ பாதையின் இன்னொரு விரைவு வண்டியான காய்ஜியைப் பிடியுங்கள். ஷின்ஜுகுவிலிருந்து தச்சிகாவா, ஹச்சியோஜியில் நிற்கும். அதே வகை வண்டி, அதே விளக்கு, அதே 760. ஜப்பான் ரயில் பாஸ், தோக்கியோ வைட் பாஸ் இரண்டும் செல்லும், கூடுதல் காசு இல்லை. ஆனாலும் இயந்திரத்தில் இருக்கை எண் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பிள்ளைகளில் 6 முதல் 11 வயதுக்கு அரைக்கட்டணம். அதற்குக் கீழே மடியில் வைத்தால் இலவசம், தனி இருக்கை வேண்டுமென்றால் அதற்கும் அரைக்கட்டணம். தோக்கியோ நிலையத்தில் ச்சூவோ வண்டிகள் 1, 2 ஆம் நடைமேடையில், மற்ற தடங்களுக்கெல்லாம் மேலே உயரத்தில் நிற்கும். நீளமான நகரும் படிக்கட்டு ஏற வேண்டும். பெட்டி படுக்கையோடு வந்தால் அதற்கே பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.