வங்குரோத்தான கம்பனியின் ஜீப்பை வாங்கலாமா? (மைக்ரோ ரெக்ஸ்டன் 2010)

உப்புவெளி ஓட்டுநர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் வாடகை வாகனம் ஓடுகிறவன். 11 வருஷமாக ஒரே டொல்பின் வான். நிலாவெளி ஹோட்டல்களில் வெள்ளைக்காரரை ஏற்றிக் கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில், தூரம் என்றால் சிகிரியா. வான் இப்போது ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. ஏ.சி. போட்டால் ஏற்றம் இல்லாமலே வாங்குகிறது. மாற்றியே ஆகவேண்டும்.

உவர்மலையில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் தன் 2010 மைக்ரோ ரெக்ஸ்டனை விற்கிறார். 2.7 டீசல், ஓட்டோ கியர், ஒரே கை, ஓட்டம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். விலை 70 இலட்சம் சொல்கிறார். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கடலில் பெரிய வள்ளத்தில் இருப்பதுபோல ஒரு உயரம். இந்தக் காசுக்கு பிராடோவுக்குப் பக்கத்திலும் போக முடியாது.

பிரச்சினை என் மச்சான்தான். "அந்தக் கொரியாக் கம்பனி செத்துப்போச்சு, செத்த வீட்டுச் சாமானை வாங்காதே" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ரெக்ஸ்டனின் தாய்க் கம்பனியான கொரியாவின் சாங்யோங் 2020 டிசம்பர் 21இல் நீதிமன்றத்தில் போய் நின்றிருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளுக்குச் சுமார் 6,000 கோடி வொன் கட்டவேண்டிய நாளில் கட்ட முடியவில்லையாம். 75 வீதம் பங்கு வைத்திருந்த இந்தியாவின் மஹிந்திராவும் இனிக் காசு போடமாட்டேன் என்று கையை விரித்துவிட்டது.

இனிச் சாமான் கிடைக்குமா? இந்த வாகனத்தை இங்கே பொல்காவலையில் மைக்ரோ கம்பனிதான் பூட்டியது (பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தியது) என்கிறார்களே, கொரியாவில் தலை போனால் இங்கே பூட்டுகிறவர்களின் கதி என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் டொக்டருக்குப் பதில் சொல்லவேண்டும்.

பழைய ஸ்பனர்:

தம்பி, கொரியாவைப் பிறகு பார்க்கலாம், முதலில் வாகனத்துக்குக் கீழே படுத்துப் பார். உவர்மலை வீடு என்றால் இரவு பகலாக உப்புக் காற்று. ரெக்ஸ்டன் லொறி மாதிரித் தனிச் சேசியில் பொடி வைத்த வாகனம். பின் சில்லுக்கு மேலே சேசி வளைகிற இடத்தை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டு. மணிச் சத்தம் வந்தால் நல்லது. ஈரப் பலகையைத் தட்டினதுபோல வந்தால் 70 இல்லை, 40க்கும் வேண்டாம். பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பார், கண்ணுக்குத் தெரியாத கறள் விரலுக்குத் தெரியும்.

இஞ்சினுக்குப் பயப்படாதே. அந்த 2.7 ஐந்து சிலிண்டர், பென்ஸின் ஓ.எம். 612ஐ அடியாக வைத்து உரிமம் எடுத்துச் செய்தது. கியர் பொக்ஸும் பென்ஸ் ஐந்து கியர். அதனால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சாங்யோங் என்று கேட்டு இல்லை என்று சொல்லும் சாமான் சிலது, பென்ஸ் என்று கேட்டால் அலுமாரியில் இருந்து வரும். (விலையும் பென்ஸ் விலையாக வரும், அது வேறு கதை.)

ஆனால் ஒன்றைக் கவனி. டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் பென்ஸுடையது பொருந்தாது. பென்ஸில் பொஷ் கம்பனியுடையது, இதில் டெல்பி கம்பனியுடையது. போன வருஷம் மூதூரில் இருந்து ஒருவர் இதே மாதிரி வண்டி கொண்டுவந்தார். கொழும்பில் ஒரு கடையில் புதிது என்று சொல்லி இரண்டு இன்ஜெக்டர் கொடுத்திருக்கிறார்கள். பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் வாகனம் காவடி ஆடுகிறது. கழற்றிப் பார்த்தேன். பழையதை மண்ணெண்ணெயில் கழுவிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள், நூற்கரையில் பழைய கரி அப்படியே இருக்கிறது. அந்த இன்ஜெக்டரின் தலையில் 16 எழுத்தும் இலக்கமுமாக ஒரு கோட் இருக்கும். புதிதாகப் போட்டால் அதை ஸ்கேனரில் கொடுத்து இஞ்சின் கம்பியூட்டருக்குப் பழக்கவேண்டும். அது செய்யத் தெரிந்த கராஜ் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு. கம்பனி வங்குரோத்தா இல்லையா என்பதைவிட இதுதான் உன் பொக்கற்றைத் தீர்மானிக்கும்.

தம்பலகாமம் - கொரியா - தம்பலகாமம்:

அண்ணன், அந்த வங்குரோத்துக்குள் நானே இருந்தேன். ஈ.பி.எஸ். என்ற கொரியா வேலை விசாவில் போய், சாங்யோங் தொழிற்சாலை இருக்கும் பியொங்தேக்குக்குப் பக்கத்தில் வாகனச் சீற்றுக்கு இரும்புச் சட்டம் அடிக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை. நாங்கள் பதினைந்து பேர்தான். அடிக்கிற சட்டத்தில் பாதிக்கு மேல் சாங்யோங்குக்குப் போகும்.

நீதிமன்றத்துக்குப் போன செய்தி வந்த கிழமையே பெரிய சப்ளையர்கள் "கையில் காசு, இல்லாவிட்டால் சாமான் இல்லை" என்று நின்றுவிட்டார்கள். சாமான் இல்லாமல் பியொங்தேக் தொழிற்சாலை டிசம்பர் கடைசியிலேயே நின்றது. அடுத்த பெப்ரவரியில் முக்கால்வாசி நாள் லைன் ஓடவில்லை. பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். எங்கள் சாஜங்னிம் (முதலாளி) மாதிரி ஆட்கள் நிற்க முடியாது. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட சாமானுக்கே மாதக்கணக்கில் காசு வரவில்லை. பட்டறை முற்றத்தில் சட்டங்களை அடுக்கி நீலத் தறப்பாள் போட்டு மூடினோம். பனி விழுந்து தறப்பாள் நடுவில் குழிந்துபோகும். ஒவ்வொரு காலையும் அவர் வந்து தும்புத்தடியால் பனியைத் தள்ளிவிட்டு, சட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். யாரும் எடுக்க வரப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் எண்ணுவார். எங்களுக்கு ஓவர்டைம் முழுக்க நின்றது. ஓவர்டைம் இல்லாத கொரியாச் சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்? நான் கட்டிக்கொண்டிருந்த வீடு அந்த வருஷம் லிண்டல் மட்டத்தில் நின்றது. அம்மா தினமும் போன் பண்ணி மேசனார் கேட்கிறார் என்பார்.

எங்களோடு கொரியாக்கார அஜொஷி (மாமா என்பதுபோல) ஒருவர் இருந்தார். அவருடைய தம்பி சாங்யோங்கில் வேலை செய்து 2009இல் வெளியே போனவர். இந்தக் கம்பனிக்கு அது முதல் விழுகை இல்லை, அண்ணன். 2004இல் சீனாவின் சாய்க் என்ற வாகனக் கம்பனி வாங்கியது, 2009 ஜனவரியில் கைவிட்டது. அப்போது 2,600க்கு மேல் ஆட்களைக் குறைக்கப்போகிறோம் என்றதும் தொழிலாளர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே 77 நாள் உட்கார்ந்துவிட்டார்கள். பெயின்ற் அடிக்கும் கட்டடத்தில் இருந்தவர்கள் மேல் பொலிஸ் ஹெலிகொப்டரில் வந்து கண்ணீர்ப்புகைத் திரவம் ஊற்றியது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் தொழிலாளர்களும் குடும்பத்தவர்களுமாக 30 பேர் வரை செத்துப்போனார்கள், தற்கொலையும் நோயுமாக. வேலை இழந்தவர்களில் மிச்சம் இருந்த 119 பேரைத் திருப்பி எடுப்பதாக 2018இல் உடன்பட்டார்கள். கடைசியாக மிஞ்சியவர்கள் உள்ளே போனது 2020 மே மாதம். ஏழு மாதத்தில் கம்பனி மறுபடி நீதிமன்றத்தில். அஜொஷி அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.

ஆனால் உங்கள் மச்சானுக்குச் சொல்லுங்கள், கம்பனி சாகவில்லை. முதலில் எடிசன் மோட்டர்ஸ் என்று ஒரு பஸ் கம்பனி வாங்க வந்து, காசு கட்ட முடியாமல் 2022 மார்ச்சில் அந்தப் பேச்சு முறிந்தது. பிறகு அதே வருஷம் கே.ஜி. குழுமம் எடுத்தது. டொரஸ் என்ற புது ஜீப் நன்றாகப் போனது. 2023 மார்ச்சில் பெயரை கே.ஜி. மொபிலிட்டி என்று மாற்றினார்கள். நான் வரும்போது லைன் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சாஜங்னிம்தான் பட்டறையை விற்றுவிட்டார்.

கிண்ணியா வங்கிக்காரன் (ஓய்வு):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கொரியாத் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

ஒரு விளக்கம் மட்டும். 'வங்குரோத்து' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு விஷயத்துக்கும் போட்டுக் குழம்புகிறோம். ஒன்று, கடன்காரரை நீதிமன்றம் தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பனியை ஓடவைத்துப் பார்ப்பது. சாங்யோங்குக்கு நடந்தது அது. மற்றது, கடையைப் பூட்டிச் சாமானை ஏலம் போடுவது. இங்கிலாந்தில் எம்.ஜி. ரோவர் கார்க் கம்பனி 2005 ஏப்ரலில் விழுந்தபோது அதன் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 6,000 பேர் அளவில் வேலை இழந்தார்கள், இயந்திரங்களைச் சீனாவின் நான்ஜிங் கம்பனி வாங்கிக்கொண்டு போனது. அதுதான் மச்சான் சொல்லும் செத்த வீடு. அப்படிச் செத்த வீட்டிலும் சாமான் வருவது உண்டு. சுவீடனின் சாப் கார்க் கம்பனி 2011 டிசம்பரில் மூடியது, ஆனால் அதன் உதிரிப்பாகக் கம்பனி தனியாக இருந்தபடியால் தப்பியது. பிறகு ஓரியோ என்று பெயர் மாற்றி அது சாமான் விற்றுக்கொண்டேயிருந்தது.

தலை விழுந்தால் இங்கே பூட்டுகிறவன் விழுவானா? விழுந்த இடம் உண்டு. கொரியாவின் டேவூ 2000 நவம்பரில் விழுந்தபோது இந்தியாவில் சூரஜ்பூரில் அதன் சியலோ, மட்டீஸ் கார்களைச் செய்த தொழிற்சாலை கொஞ்சக் காலத்தில் அடங்கிப்போனது. எங்கள் நாட்டில் கதை வேறு. நான் 20 வருஷத்துக்கு மேல் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) திறந்தவன், அனுபவத்தில் சொல்கிறேன். இங்கே பூட்டுவது என்றால் துண்டு துண்டாகக் கொள்கலனில் வருவதைப் பூட்டுவது. பற்றரி, டயர், சீற், சைலன்சர் இங்கேயே எடுக்கலாம், இஞ்சினுக்கு டொலர் வேண்டும். சாங்யோங் விழுந்தது 2020இல். நம் அரசாங்கம் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது 2022 ஏப்ரல் 12இல். கொரியாக்காரன் கொள்கலனை ஏற்றத் தயாராக நின்றாலும் அந்த நாளில் என் பழைய மேசையில் இருந்தவனால் எல்.சி. திறக்க முடியாது. வங்குரோத்துக் கம்பனியின் வாகனத்தை வாங்கலாமா என்று வங்குரோத்தாகிக் கிடந்த நாட்டில் இருந்து கேட்கிறோம், தம்பி.

இன்னொன்று. இங்கே பூட்டுகிற தொழில் கதவு மூடியிருக்கும்போது வளரும், திறந்தால் வாடும். உபாலி பியட், உபாலி மஸ்டா என்று எழுபதுகளில் ஓடியதை வயதானவர்கள் அறிவார்கள். எங்கள் வாப்பாவின் கூட்டாளி ஒருவரிடம் பியட் ஒன்று இருந்தது, கிண்ணியாப் பாதையில் ஃபெரிக்குக் காத்திருக்கும்போது பொடியன்கள் எல்லோரும் அதைச் சுற்றி நிற்போம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, ஜப்பான் வாகனம் வந்து குவிந்தது. இப்போதும் அப்படித்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை போட்டபின்தான் உள்ளூரில் பூட்டியவற்றை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2025 பெப்ரவரி 1இல் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. பொல்காவலைக்கோ, வாகனம் பூட்டுகிற இன்னொரு இடமான வெலிப்பென்னைக்கோ பயப்பட வேண்டுமென்றால் நான் பியொங்தேக்கைப் பார்க்கமாட்டேன், ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் எத்தனை வாகனம் இறங்குகிறது என்று பார்ப்பேன்.

வாங்குவதென்றால் லீசிங் கேட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு. 15 வருஷ வாகனத்துக்கு இழுத்தடிப்பார்கள்.

மூதூர் பொடியன்:

ஸ்பனர் ஐயா சொன்ன காவடி வாகனம் எங்கள் மாமாவுடையது. இப்போது நல்லாக ஓடுகிறது, ஆனால் அந்தக் கடையின் பெயரைச் சொன்னால் மாமாவுக்குப் பிரஷர் ஏறும்.

உப்புவெளி ஓட்டுநர்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பனர் ஐயா சொன்னபடி வியாழன் காலை போய்ப் படுத்துப் பார்த்தேன். டொக்டர் பயந்துபோனார், தலைசுற்றி விழுந்துவிட்டேன் என்று நினைத்தாராம். சேசி வலது பக்கம் மணி மாதிரி. இடது பக்கம், கடலைப் பார்த்து நிறுத்துகிற பக்கம், ஒரு சாண் நீளத்துக்குச் சத்தம் மந்தம். சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. டொக்டருக்கே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, நோயாளியின் முதுகைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெட்டி ஒட்டலாமா?" என்று என்னிடமே கேட்டார்.

62க்கு வந்திருக்கிறார். வெல்டிங்குக்கு என்ன வரும் என்று ஸ்பனர் ஐயா ஒருக்கால் வந்து பார்ப்பீர்களா? ஞாயிறு என்றால் எனக்கு ஹயர் இல்லை, டொல்பினில் வந்து ஏற்றுகிறேன். ஏ.சி. போடமாட்டேன்.

கொரியாத் தம்பி, வீடு லிண்டலுக்கு மேலே எழும்பிவிட்டதா?

தம்பலகாமம் - கொரியா - தம்பலகாமம்:

கூரை போட்டாச்சு அண்ணன். ஓடு இல்லை, கூரைச் சீற்தான்.