மறுமொழி: படகு ‘பிளேன்’ ஆவதற்கு ஒரு சொல் – ஏறோட்டம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வேகமெடுத்த படகு நீரின் மேல் எழும்பி ஓடுவதை ஆங்கிலத்தில் ‘பிளேனிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சமதள ஓட்டம், நீர்ச்சறுக்கு, மிதவோட்டம். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று போன சனிக்கிழமைதான் தெளிவானது. அலபாமாவில் கண்டர்ஸ்வில் ஏரியில் ‘பாஸ்’ என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் வேகப் படகு ஒன்றை ஓட்டிப் பார்த்து வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கிளம்பினார், நானும் கூடப் போனேன். 21 அடி நீளம், பின்னால் வெளிப்புறமாகப் பூட்டிய 250 குதிரைத்திறன் எஞ்சின் (அவுட்போர்டு).

கரையை விட்டு மெதுவாக நகரும்போது அது சாதாரணப் படகுதான். தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டு, அமிழ்ந்தபடி போகிறது. ஓட்டுபவர் கால்மிதியை அழுத்தியதும் அணியம், அதாவது படகின் முன்பக்கம், எழும்பி வானத்தை மறைத்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கம் நீருக்குள் குழி பறித்தது. நாலைந்து நொடி இருக்கும். அப்புறம் அணியம் தணிந்தது, எஞ்சின் சத்தம் மாறியது, படகு நீரின் மேல் ஏறி ஓடத் தொடங்கியது. அந்த ஏறும் கணத்தை உடம்பே உணர்கிறது. முதுகில் இருந்த அழுத்தம் சட்டென்று விடுகிறது.

இதற்குக் காரணம் படகே எழுப்பும் அலை. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, படகின் நீளத்துக்கே வந்துவிடுகிறது. அப்போது படகு தன் அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இந்த எல்லை வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 20 அடிக்குச் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கி.மீ. அதைத் தாண்ட வேண்டுமென்றால், தன் அணியம் எழுப்பும் அலை மீதே படகு ஏறியாக வேண்டும். ஏறியபின் அதைத் தாங்குவது பெரும்பாலும் அடிப்பாகத்தில் மோதும் நீரின் உந்தல்தான். மிதப்புவிசைக்கு அங்கே சிறு பங்கே இருக்கிறது. நாங்கள் போன படகு மணிக்கு 70 மைலைத் தொட்டது. அந்த வேகத்தில் பின்புறம் ஒரு சிறு பகுதிதான் நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே ‘மிதவோட்டம்’ நேர் எதிர்ப்பொருளைத் தருகிறது. ‘நீர்ச்சறுக்கு’ ஏற்கெனவே ஒரு விளையாட்டுக்குப் பெயர். ‘சமதள ஓட்டம்’ ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளைத் தமிழில் எழுதியது, அவ்வளவுதான். நீரில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லவே இல்லை.

என் பரிந்துரை: ஏறோட்டம். ஏறு + ஓட்டம், வினைத்தொகை. அதற்கு முந்தைய நிலைக்கு அமிழோட்டம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஒன்றை ஒன்று விளக்கும். ‘ஏறோட்டப் படகு’, ‘படகு இன்னும் ஏறோட்டத்துக்கு வரவில்லை’ என்று வாக்கியத்தில் இயல்பாக அமர்கிறது. நின்ற நிலையிலிருந்து மேலேறும் வரை ஆகும் காலத்தை ‘ஏறுநேரம்’ எனலாம். பாஸ் படகு வாங்குபவர்கள் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. ‘ஏறு என்றால் காளை என்றும் பொருளாயிற்றே’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஏறுவரிசை என்று கணக்கில் எழுதும்போது யாருக்கும் காளை நினைவு வருவதில்லையே.

இன்னும் இரண்டு சொற்கள். எஞ்சினின் சாய்வை அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் அணியம் மேலும் கீழுமாகத் துள்ளும். ஆங்கிலத்தில் டால்பினின் உறவான கடல்பன்றியை வைத்து ‘போர்பாய்ஸிங்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் கடற்கரையில் டால்பினுக்கு ஓங்கில் என்ற அருமையான பெயர் இருக்கிறது. ‘ஓங்கில் துள்ளல்’ என்றே வைக்கலாம். மற்றது, உச்ச வேகத்தில் படகு இடமும் வலமும் மாறிமாறிச் சாய்வது. உண்மையிலேயே பயந்தது அப்போதுதான். ஓட்டுபவர் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி அடக்கினார். அடங்காவிட்டால் வேகத்தைக் குறைப்பதுதான் வழி என்றார். இதற்கு இந்த இழையில் வந்த ‘விளிம்பு நடை’, ஆங்கில ‘சைன் வாக்’கின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. ‘விலாவாட்டம்’ என்றால் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கேட்டவுடன் புரியும்.

ஓட்டுபவர் தன் உயிர்காப்புச் சட்டையில் மாட்டியிருந்த கயிற்றுக்கும் பெயர் வேண்டும். அவர் தூக்கியெறியப்பட்டால் அது இழுபட்டு எஞ்சினை நிறுத்திவிடும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் சட்டம். ‘நிறுத்துகயிறு’ போதும் என்று நினைக்கிறேன்.

ஏறோட்டத்தை அகராதியில் ஏற்றுமுன் ஒரு வேண்டுகோள். மன்னார், யாழ்ப்பாணம், ராமேஸ்வரம் பக்கம் உறவினர் இருப்பவர்கள், அவுட்போர்டு பூட்டிய ஃபைபர் படகு ஓட்டுபவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்: ஆளும் வலையும் இல்லாமல் வெறும் படகாக விரட்டும்போது அது நீர்மேல் எழும்பி ஓடுவதை என்னவென்று சொல்கிறார்கள்? அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்வோம்.