அப்பாவுக்கு மனச்சோர்வு வருவது சாக்கா?

கூடலூர் அப்பா: "பெற்ற தாய்க்குத்தான் மனச்சோர்வு வரும், அப்பனுக்கு வருகிறதென்றால் அது குடிக்கச் சாக்கு" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2010-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். மொத்தம் 28 ஆயிரம் பேர். குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போதுதான் அதிகம்.

கோத்தகிரி ராஜன்: எழுதியவன் நான்தான். பத்தில் ஒருவரா? எங்கள் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருபது வீடு. அந்த இரண்டு பேர் எங்கே? காட்டுங்கள்.

கூடலூர் அப்பா: ஆண்களிடம் அது அழுகையாகவே வரும் என்றில்லை. எரிச்சல், தூக்கமின்மை, வீட்டுப் பக்கமே வராமல் இருப்பது, குடி என்றும் வரும். நீங்கள் குடிகாரன் என்று ஒதுக்கியவர்களில் தேடுங்கள்.

குன்னூர் மலர்: ராத்திரி தூளி ஆட்டுவது நாங்கள். விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போவதும் நாங்கள். இப்போது சோர்விலும் பங்கு கேட்கிறார்களா?

கூடலூர் அப்பா: பங்கு இல்லை அக்கா. தாய்க்கு மனச்சோர்வு இருக்கும் வீட்டில் அப்பாவுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று அதே ஆய்வு சொல்கிறது. மத்திய அரசு ஊழியருக்காவது 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. எஸ்டேட் தொழிலாளிக்கு?

குன்னூர் மலர்: விடுப்பு கொடுத்தால் மட்டும் தூளியைத் தொடுவாரா?

கோத்தகிரி ராஜன்: இரண்டு பேர் எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஊட்டி மணி: ஜூன், ஜூலையில் வெயில் முகமே தெரியாது. யாருக்குத்தான் மனசு சரியாக இருக்கும்?

கோத்தகிரி ராஜன்: எங்களுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். ஜூன் மழை கூடலூர், பந்தலூர்காரர்களுக்கு. ஊரைத் தெரிந்துகொண்டு பேசுங்கள் தம்பி.

ஊட்டி மணி: உங்களுக்குக் கோத்தகிரிதான் நீலகிரி. பச்சைத் தேயிலை விலை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பாய்ந்தீர்கள்.

கூடலூர் அப்பா: மழையை விடுங்கள். 14416, டெலி மனாஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். அதையாவது உங்கள் எஸ்டேட் லைனில் சொல்லுங்கள்.

கோத்தகிரி ராஜன்: நம்பர் இருக்கட்டும். அந்த இரண்டு பேர்?

கூடலூர் அப்பா: பெயர் சொன்னால் நாளை டீக்கடையில் அவர்கள் கதைதான் ஓடும். அதனால்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கோத்தகிரி ராஜன்: அப்படியானால் நான் ஊர் வம்பு பேசுகிறவனா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.