கொடிப் படத்தில் சக்கரத்தின் அளவைத் திருத்தினேன், அரை மணியில் திருப்பிவிட்டார்கள். என்ன தப்பு?

சுல்தான்பேட்டை_மை:

வணக்கம். பெங்களூரு சுல்தான்பேட்டையில் சின்னதாக ஒரு பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் நெருங்கினால் அபார்ட்மென்ட் சங்கம், ஸ்கூல், ஆட்டோ ஸ்டாண்டு என்று எல்லாருக்கும் மூவர்ண பேனர் வேண்டும் (நவம்பர் வந்தால் கன்னடக் கொடியின் மஞ்சள்-சிவப்பு, அது தனிக் கதை). கொடிப் படத்தை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற ஒரு தளத்தில் இருந்து எஸ்விஜி கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வரைபடக் கோப்பு) எடுப்பேன். இந்த முறை கோரல்டிரா என்கிற வரைகலை மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால், சக்கரம் வெள்ளைப் பட்டையை நிறைத்துக்கொண்டு மேலே காவியையும் கீழே பச்சையையும் இடிக்கப் போகிற மாதிரி நிற்கிறது. என் கல்லாப்பெட்டி மேல் காதி கடையில் வாங்கிய மேஜைக் கொடி ஒன்று இருக்கிறது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். வெள்ளைப் பட்டை 33 மி.மீ. சொச்சம், சக்கரம் 25. அதாவது முக்கால் பங்கு. படத்திலோ பட்டையில் 92 சதவீதத்துக்கும் மேல்!

யாரோ கண் அளவில் வரைந்துவிட்டார்கள் போல என்று சக்கரத்தைச் சுருக்கினேன். காவியும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சாக இருந்ததால் அதே கொடியை ஸ்கேன் செய்து அந்த நிறத்தை எடுத்துப் போட்டு ஏற்றிவிட்டேன். அரை மணி ஆகவில்லை, ‘தரநிலைக்கு மாறானது’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் பழைய படத்தையே வைத்துவிட்டார் ஒருவர். மறுபடி ஏற்றினேன், மறுபடி திருப்பினார். கொடியைக் கையில் வைத்து அளந்தவன் நான், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் எனக்குச் சொல்கிறார்? எங்கே போய் முறையிடுவது?

கோணமானி:

அண்ணா, முறையீடு அப்புறம். அளந்தது மேஜைக் கொடிதானே, 150×100 மி.மீ. அளவு? அங்கேதான் சிக்கல். நீங்கள் அளந்ததும் சரி, அவர் திருப்பியதும் சரி.

கொடிக்கு என்றே இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது, ஐஎஸ் 1. நம் நாட்டின் முதல் தரநிலையே அதுதான், 1951-இல் வந்தது, 1968-இல் திருத்தினார்கள். அதில் ஒன்பது அளவுகள், ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தின் விட்டம் தனித்தனியாகக் கொடுத்திருக்கும். 6300×4200 கொடிக்கு 1295, 3600×2400-க்கு 740, 900×600-க்கு 185. இதெல்லாம் கணக்குப் போட்டால் பட்டையில் 92.5 சதவீதம் வரும். ஆனால் கீழே வர வர சக்கரம் மெலிகிறது. 450×300-க்கு 90, அதாவது பட்டையில் 90 சதவீதம். விஐபி கார்களில் கட்டும் 225×150-க்கு 40, 80 சதவீதம்தான். உங்கள் மேஜைக் கொடிக்கு 25, முக்கால் பங்கு. உங்கள் ஸ்கேல் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் ஒழுங்கான கொடியைத்தான் கொடுத்திருக்கிறார்.

படத்தை வரைந்தவர்கள் பெரிய கொடியின் விகிதத்தைப் பிடித்திருக்கிறார்கள், கட்டடத்தின் மேல் பறப்பது அதுதான் என்பதால். படத்தின் சட்டத்தை (வியூபாக்ஸ்) 900×600 என்று வைத்தால் சக்கரத்தின் மையம் 450, 300, வெளி ஆரம் 92.5. இதை அவர் ஒற்றை வரியில் முடிக்காமல் நாலு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் கோபமே வந்திருக்காது, அது அவர் தப்பு.

சாயப்பட்டறை:

நிறத்துக்கு வருகிறேன், இதில்தான் எல்லாரும் வருடம் தவறாமல் மல்லுக்கட்டுகிறார்கள். தரநிலையில் ஆர்ஜிபி எண்ணே, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீல எண்ணே கிடையாது, 1951-இல் ஏது ஆர்ஜிபி. துணிக்குச் சொன்ன நிறம் அது, நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் சிஐஇ முறையில் எக்ஸ், ஒய், பிரகாசம் என்று மூன்று எண்கள். காவிக்கு 0.538, 0.360, 21.5. இதைத் திரைக்கு மாற்றும்போது எந்த ஒளியை வெள்ளை என்று எடுக்கிறீர்கள், துணியின் வெள்ளையைத் திரையின் முழு வெள்ளையாக வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து விடை மாறும். இணையத்தில் பரவலாகக் கிடக்கும் 255, 153, 51 என்பது கணக்கில் நேராக வருகிற காவியைவிட வெளிறியது, அதனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஸ்கேன் செய்து எடுத்த நிறம் மட்டும் வேண்டாம் சார். ஸ்கேனர் விளக்கு ஒரு நிறம் சேர்க்கும், கல்லாப்பெட்டி மேல் வெயிலில் நின்ற துணி ஒரு நிறம் இழந்திருக்கும். 2021 டிசம்பரில் கொடி விதியை மாற்றி பாலியெஸ்டருக்கும் மெஷின் தயாரிப்புக்கும் அனுமதி கொடுத்த பிறகு சிக்பேட்டையில் ஒரே தெருவில் நாலு காவி பார்க்கலாம். எதை ஸ்கேன் செய்வீர்கள்? ஹுப்பள்ளி பெங்கேரியில் தரச்சான்றோடு தயாராகிற காதிக் கொடியைப் புதிதாக வாங்கினால்கூட, அது துணிக்குத்தான் ஆதாரம், திரைக்கு இல்லை.

ரவா_இட்லி:

சின்னப் பட்டியல்களில் இந்தக் கொடி 20 பிக்சல் அகலத்தில் வருகிறது. அதில் சக்கரம் ஒரு நீலப் புள்ளி. இதற்கா இவ்வளவு சண்டை? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி (கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்).

கோணமானி:

பேனர் அடிக்கிறவருக்கு அது இருபது அடி, குரு.

பழைய_நோடு:

நானும் இப்படி மாட்டியவன்தான். வங்கதேசக் கொடியில் சிவப்பு வட்டம் இடப்பக்கம் ஒதுங்கி இருந்தது, பிழை என்று நினைத்து நடுவில் கொண்டுவந்து வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வட்டத்தின் மையம் நீளத்தில் இருபதில் ஒன்பது பங்கில் விழ வேண்டும் என்பதே அவர்கள் விதி, கொடி பறக்கும்போது கண்ணுக்கு நடுவில் தெரிவதற்காக. நேபாளம் இன்னும் ஒரு படி மேலே போய், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தன் கொடியை வரைகிற முறையை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே பேப்பரில் வரைந்து பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இன்னொன்று, உங்கள் கோப்பைத் திறந்து பார்த்தேன். கோரல்டிராவில் இருந்து ஏற்றுமதி செய்ததால் 24 ஆரக்கால்களும் தனித்தனி பாத் (கோட்டுருவம்), நோடு (கோட்டை வளைக்கும் புள்ளி) மேல் நோடு, கூடவே மென்பொருள் கொட்டிய குப்பை வரிகள். எஸ்விஜி என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து ஒரே ஒரு ஆரக்காலை எழுதி, அதையே 15 பாகை 15 பாகையாகச் சுழற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் போதும், முழுக் கொடியும் இரண்டு கேபி-க்குள் அடங்கும். அளவு சரியாக இருந்திருந்தால்கூட இந்தக் கோப்பை யாராவது திருப்பித்தான் இருப்பார்கள். அப்புறம், இத்தனை பக்கங்களில் ஓடுகிற படத்தில் நேரடியாகக் கை வைக்காதீர்கள், படத்தைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் கணக்கை எழுதி ரெண்டு நாள் காத்திருங்கள்.

சுல்தான்பேட்டை_மை:

மேஜைக் கொடிக்குத் தனி அளவு என்று இருபது வருடம் கொடி அடித்தும் எனக்குத் தெரியாது, வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, கொஞ்சம் ஆறுதல். பழைய_நோடு சொன்னபடி கையால் எழுதிப் பார்த்தேன், 1.3 கேபி வந்தது. பேச்சுப் பக்கத்தில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். திருப்பியவர் நல்ல மாதிரி, ‘அட்டவணையை நானும் முழுதாகப் பார்த்ததில்லை’ என்று எழுதினார். இப்போது சந்தேகம், 75 சதவீதப் படத்தை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

கோணமானி:

ஏன் போட வேண்டும்? புதுப் பெயரில் தனிக் கோப்பாக ஏற்றுங்கள், பெயரிலேயே ‘மேஜைக் கொடி 150×100’ என்று இருக்கட்டும், விளக்கத்தில் ஐஎஸ் 1 அட்டவணையின் 25 மி.மீ. கணக்கை எழுதுங்கள். காவிக்கு மட்டும் பழைய எண்ணையே வையுங்கள் அண்ணா, அந்தச் சண்டைக்கு வேறு திரி திறப்போம்.