மறு: ‘பறப்பு நேரம்’ சரியான சொல்தானா?

அண்ணாச்சி, வணக்கம்.

விமானப் பயணச் சொற்களுக்குத் தமிழ் வைத்து நீங்கள் நேற்று அனுப்பிய பட்டியலில் ‘பெருவட்டத் தொலைவு’ எனக்குச் சம்மதம். உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கு நடுவே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின், அதாவது உருண்டையின் நடுப்புள்ளியையே மையமாகக் கொண்ட வட்டத்தின், ஒரு வில்தானே. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு அப்படி அளந்தால் ஏறத்தாழ 615 கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வட்டம் என்றால் தாலுகா. பெருவட்டம் என்றதும் விளவங்கோடு வட்டத்தைவிடப் பெரியதா என்று கேட்க ஆள் இருக்கிறது. கேட்கட்டும்.

இடறுவது ஃபிளைட் டைமுக்கு நீங்கள் வைத்த ‘பறப்பு நேரம்’. டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் பறக்கிற நேரம் மட்டும் அல்ல. நிறுத்திய இடத்தைவிட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் நின்று ஓயும்வரை உள்ள முழு நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், அங்கே வரிசையில் காத்து நிற்பதும் இதில் சேரும். பிளாக் டைம் என்கிறார்கள். பிளாக் என்பது சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை. சக்கரம் தரையைவிட்டு எழும்பித் திரும்பத் தரை தொடும்வரை உள்ளது வேறு கணக்கு. ‘பறப்பு நேரம்’ அதற்குத்தான் பொருந்தும்.

கட்டை என்றதும் எனக்குச் சுசீந்திரம் மார்கழித் தேர்தான் நினைவுக்கு வந்தது. தேருக்கும் முட்டுக்கட்டை உண்டு. ஆனால் ‘முட்டுக்கட்டை நேரம்’ என்று வைத்தால் விமானம் தாமதமான கதையாகிவிடும்! தேர் புறப்படுகிற இடமும் வந்து நிற்கிற இடமும் நிலை. ‘தேர் நிலைக்கு வந்தாச்சா?’ என்றுதானே கேட்கிறோம். விமானம் நிற்கிற இடத்தையும் நிலை என்றே சொல்லலாம். ஆகவே ‘நிலைசேர் நேரம்’. என்ன சொல்கிறீர்கள்?

—

தம்பி,

தேர் நல்ல பிடி. ஆனால் ‘நிலைசேர் நேரம்’ என்றால் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது கால அளவு. ‘நிலையிடை நேரம்’ என்று வைப்போம்.

என் பிழை எங்கே வந்தது என்றும் தெரிந்தது. பன்னாட்டு விமான விதிகளில் ஃபிளைட் டைம் என்பதற்கான வரையறையே நகரத் தொடங்கியது முதல் நின்று ஓயும்வரைதான். நான் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டேன், வரையறையைப் பார்க்கவில்லை.

விளக்கத்தில் துபாய் உதாரணத்தைப் போடு. காலை 10 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு 12.45-க்கு அங்கே சேரும் என்று டிக்கெட் சொன்னால், இரண்டே முக்கால் மணி நேரம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நிலையிடை நேரம் நாலேகால் மணி.

அப்புறம், கடல்மைலை (நாட்டிக்கல் மைல்) மாற்ற வேண்டாம். 1,852 மீட்டர், விமானத்துக்கும் அதே அளவுதான். ‘வான்மைல்’ என்று புதிதாக ஒன்று எதற்கு?

—

சரி அண்ணாச்சி, ‘நிலையிடை நேரம்’. விமான நிலையம் என்பதற்குள்ளேயே நிலை இருப்பதால் பழகவும் அதிக நாள் ஆகாது.

‘பயண நேரம்’ மட்டும் பொதுச் சொல்லாக இருக்கட்டும், இதற்கு எடுத்துவிடாதீர்கள். மாவட்டத்தில் விமான நிலையமே இல்லாத நமக்கு அது வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, மார்த்தாண்டம் நெரிசலில் கிடந்து, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேருகிறோமே, அதை எதில் சேர்ப்பது?